ஓய்வுக்குப் பின்னும் ஒரு சம்பள நாள்

போன மாதம் ஒரு மத்தியானம். சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தேன், கண் சொருகிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து கணேசன் போன் செய்தான். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் டைம் ஆபீசில் முப்பத்துநாலு வருடம் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவன் அவன். தொழிலாளிகளின் வருகை, லீவு, சம்பளக் கணக்கு, கடைசியில் ஓய்வு பெறும்போது கணக்கை முடித்து அனுப்புவது, எல்லாம் அந்த அறையில்தான்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். இப்ப எல்லாமே ஆன்லைன்தான். பி.எஃப். பணம் போன்ல போட்டா அக்கவுண்டுக்கு வந்துருது. கிராஜுவிட்டியும் அப்படித்தான். எனக்கு வேலையே இல்ல. ஆனா ரிட்டயர் ஆனவிய திரும்ப வந்து வாசல் பெஞ்சுல உக்காந்துக்கிடுதாவ. பணம் வந்துட்டுல்லா, பொறவு என்னன்னு கேட்டா, சும்மாதான்னு சொல்லுதாவ. சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்க மாட்டேங்காவ. நீங்க இருந்தப்ப என்ன செய்வீங்க?"

"டீ வாங்கிக் குடுப்பேன்."

"வெளையாடாதீங்க அண்ணாச்சி. நெசமாத்தான் கேக்கேன். எழுதிக் குடுங்க."

அவன் வைத்த பிறகும் போனைக் கையில் வைத்தபடியே படுத்திருந்தேன். ஜன்னல் வழியாக மேற்கு மலை தெரிந்தது. மேலே மேகம் நகர்கிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாதபடி இருந்தது. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வந்தார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. பி.காம். முடித்துவிட்டு ஒரு வருடம் சும்மா இருந்தேன். சர்ச்சில் எங்கள் அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் சொல்லி மில்லுக்குள் நுழைந்தேன். முதல் மூன்று வருடம் தொழிலாளிகளின் டிக்கெட் நம்பர்களைப் பதிவேட்டில் ஏற்றுவதிலேயே போனது. அப்போதெல்லாம் மில்லுக்குள் போனால் பஞ்சுத்தூசி மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும். வெயில் விழுகிற இடத்தில் மட்டும் அது கண்ணுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் மெஷின் ஓடும். அந்த இரைச்சலில்தான் எனக்கு நல்ல தூக்கம் வரும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

எனக்கு வேலை என்ன என்று சொல்லித் தந்தவர் ராமராஜு சார். லேபர் ஆபீசர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். ஆள் உயரம், பேச்சு சன்னம். யார் அறைக்குள் வந்தாலும், தமிழோ தெலுங்கோ, "கூச்சோ" என்றுதான் சொல்வார். உட்காரு என்று அர்த்தம். மில்லில் அத்தனை பேரும் அந்த ஒரு தெலுங்கு வார்த்தையைக் கற்றிருந்தார்கள். எதிரில் இருப்பவர் பேச ஆரம்பித்ததும் மேஜை டிராயரிலிருந்து பிளேடை எடுத்துப் பென்சில் சீவத் தொடங்குவார். ஏற்கெனவே கூராக இருக்கிற பென்சிலைத்தான் சீவுவார். ஒருநாள் ஏன் சார் என்று கேட்டேன்.

"பணத்தப் பத்திப் பேசும்போது மனுசன் மூஞ்சியப் பாக்கக் கூடாது, அருளு. அவனுக்குக் கூச்சமாயிரும். பாதியோட நிறுத்திருவான்."

ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு. அதற்கு இரண்டு மாதம் முன்னாடியே எங்கள் வேலை ஆரம்பித்துவிடும். பேர், பிறந்த தேதி, இனிஷியல் எல்லாம் எல்லாக் காகிதத்திலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருக்காது. ஒன்றில் மாடசாமி, இன்னொன்றில் மாடச்சாமி. பென்ஷன் பாரத்துக்குப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து எடுத்த போட்டோ ஒன்று வேண்டும். முப்பது வருடம் குடும்பம் நடத்தியும் சேர்ந்து ஒரு போட்டோ எடுக்காதவர்கள் எத்தனையோ பேர். ஸ்டூடியோவில் போய் நின்றுவிட்டு வந்து, ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோலச் சிரித்துக்கொண்டே கவரை நீட்டுவார்கள்.

ஓய்வு பெறும் நாளில் மாலை போடுவோம், ஸ்வீட் கொடுப்போம். ஆனால் பி.எஃப்., கிராஜுவிட்டி செக்கை அன்றைக்குக் கொடுக்க மாட்டோம். "ஏழு நாள் வீட்டுல இருந்துட்டு எட்டாம் நாள் வாரும். சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டு வாரும்" என்று சார் சொல்லி அனுப்பிவிடுவார். சட்டத்தில் அப்படியெல்லாம் கிடையாது. அது அவருடைய சட்டம். "மாலையும் கழுத்துமா இருக்கவன் கையில செக்கக் குடுத்தா யாரு கேட்டாலும் தூக்கிக் குடுத்துருவான். ஏழு நாள் போகட்டும். வீடுன்னா என்னன்னு தெரியட்டும்" என்பார்.

எட்டாம் நாள் வந்ததும் மூன்று கேள்வி. காலையில எந்திரிச்சு எங்க போறீரு? மாசத்துக்கு வீட்டுக்கு எம்புட்டு வேணும்? இந்தப் பணம் வாரது யாரு யாருக்குத் தெரியும்? பதிலைக் கோப்பின் பின்பக்கத்தில் அந்தப் பென்சிலால் தானே எழுதிக்கொள்வார். பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே ஆட்கள் திணறுவார்கள். ஒருத்தர், அய்யனார் கோவில் ஆற்றில் போய்க் குளிப்பேன் என்றார். இன்னொருத்தர், "தூங்குவேன்யா. மூணு ஷிப்டு பாத்தவன், தூங்குனதே இல்ல" என்றார். சார் அதையும் ஒரு பதிலாக எழுதிக்கொண்டார்.

மூன்றாவது கேள்விக்கு வந்த ஒரு பதிலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

செல்லையா என்று ஒருத்தர். செட்டியார்பட்டிக்காரர். ஸ்பின்னிங்கில் சைடர், அதாவது மெஷினின் நீளத்துக்கு நடந்துகொண்டே இருந்து, அறுந்த நூலை ஒட்டுகிறவர். முப்பத்தெட்டு வருடம் அந்த ஒரே வேலை. ஒரு நாள் லீவு கூடுதலாக எடுத்தவர் இல்லை. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. பென்ஷன் போட்டோவில் அவர் மனைவி சொர்ணம் சிரித்துக்கொண்டு நிற்பார், செல்லையா கேமராவைக் கணக்குக் கேட்பதுபோலப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

எட்டாம் நாள் தனியாக வந்தார்.

"சம்சாரம் வரலையா?"

"அவளுக்குச் சோலி கெடக்குய்யா."

முதல் கேள்விக்கு, "பாப்போம்யா" என்றார். இரண்டாவதற்கு, "கொறச்சுக்கிடலாம்யா" என்றார். மூன்றாவது கேள்வி.

"எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். அருளு சாருக்குத் தெரியும்."

சாரின் பிளேடு நின்றது. "வீட்ல?"

"சொல்லுவேன்யா."

பி.எஃப். பணமும் கிராஜுவிட்டியும் சேர்த்து நாலரை லட்சம் போல இருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனார். வராந்தாவில் நின்று செக்கை இரண்டு முறை மடித்தார், பிறகு மடிக்கக் கூடாது என்று ஞாபகம் வந்ததுபோல விரித்து, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

ஏழு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை. வாட்ச்மேன் வந்து, செட்டியார்பட்டியிலிருந்து ஒரு பொம்பளை வந்திருப்பதாகச் சொன்னார். சொர்ணம். போட்டோவில் இருந்தவரை அடையாளம் தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கன்னமெல்லாம் வற்றியிருந்தது. பேண்டேஜ் துணி மடித்துக் கட்டும் வேலைக்குப் போகிறாராம். அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். பெஞ்சின் ஓரத்தில், எந்நேரமும் எழுந்துவிடுகிறவர்போல உட்கார்ந்தார்.

"அய்யா, அவிய வயித்தப் புடிச்சுக்கிட்டுப் படுத்துக் கெடக்காவ. கொடல் எறங்கிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆபரேசன் பண்ணணுமாம். பண்ண மாட்டேங்காவ. துண்ட வச்சு வயித்தக் கட்டிக்கிட்டு அலையுதாவ. மில்லுப் பணம் வந்தா பாத்துக்கிடலாம்னு சொல்லுதாவ. அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"என்ன கேக்கணும்?"

"அந்தப் பணம் எப்பய்யா வரும்? டெல்லியில ஒரு கையெழுத்து பாக்கியா கெடக்குன்னு சொன்னாவ. போட்டுட்டாவளா?"

அந்தச் செக்கைக் கொடுத்தவன் நான். செல்லையா போட்ட கையெழுத்து என் முதுகுக்குப் பின்னால் பீரோவில் இருந்தது. ஆனால் தொழிலாளியின் கணக்கை அவரைத் தவிர வேறு யாருக்கும், பெற்ற தகப்பனுக்குக்கூடச் சொல்லக் கூடாது என்பது அந்த அறையின் விதி. குடிகார மாமனார், கந்துவட்டிக்காரன், பங்காளி என்று எத்தனையோ பேரை அந்த விதியைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறோம். இந்த அம்மாவிடம் அந்த விதியைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னாலே பணம் வந்துவிட்டது என்று ஆகிவிடும்.

"சீக்கிரம் வந்துரும்மா" என்றேன்.

"நல்லாருப்பீக" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கேட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வெயிலில் சேலை வெளுத்து, பஞ்சு நகர்வதுபோல இருந்தது. என் வேலையில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குக் கும்பிடு வாங்கியது அன்றைக்கு மட்டும்தான்.

நேராக சாரிடம் போனேன். முழுக்கக் கேட்டார். பென்சில் சீவவில்லை.

"அந்தம்மாட்ட நாம சொல்ல முடியாது. நீரும் சொல்லக் கூடாது, நானும் சொல்லக் கூடாது" என்றபடி எழுந்தார். "வண்டியில பெட்ரோல் இருக்கா பாரும்."

என் வண்டியின் பின்னால் அவர் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்து வந்தது இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது. மில் மேனேஜர்கள் வீட்டுக்கே அவர் தேடிப் போனவர் இல்லை.

செல்லையா கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, வலியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். சொர்ணம் இன்னும் வந்து சேரவில்லை. சார் அங்கே கிடந்த மர ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். கையில் பென்சில் இல்லாததால் தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"பணம் எங்க இருக்கு?"

செல்லையா தலையணை உறைக்குள் கைவிட்டு பாஸ்புக்கை எடுத்தார். பாலிதீன் பையில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. ஒரு பைசா எடுக்கப்படவில்லை. சாதாரண சேமிப்புக் கணக்கிலேயே கிடந்தது. வாரம் இரண்டு தடவை பேங்குக்குப் போய், வரிசையில் நின்று, எண்ட்ரி போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். போட்ட தொகைக்குக் கீழே வட்டி ஏறிய ஒரு வரி, அவ்வளவுதான்.

"ஏன் செல்லையா?"

ஓட்டு இடுக்கு வழியாக விழுந்த வெயில் கட்டில் காலில் கிடந்தது. அதைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"மில்லு ஒரு வருசம் பூட்டிக் கெடந்துச்சுல்லய்யா. அப்ப கையில ஆயிரத்துச் சொச்சம் வச்சிருந்தேன். தெனமும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்தேன். கடைசி நோட்ட மாத்துன அன்னைக்கு மக காய்ச்சல்ல கெடந்தா. அன்னைக்கு எனக்கு எப்படி இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. நூலு அறுந்தா ஒட்டிருவேன்யா. எத்தன தடவ அறுந்தாலும் ஒட்டிருவேன். இது அறுந்தா எத வச்சு ஒட்டுறது? எனக்கு இனிமே சம்பளமா வருது? பென்ஷன் அரிசிக்கே காணாது."

"வயித்துல இருக்கது?"

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது."

சார் அதட்டுவார் என்று நினைத்தேன். அதட்டவில்லை. வேறு ஏதோ விஷயம் பேசுவதுபோலக் கேட்டார்.

"சம்பளம் வந்தா செலவழிப்பீரா?"

"சம்பளம்னா செலவழிக்கத்தானேய்யா."

"ஒண்ணாந்தேதி சம்பளமா, ஏழாந்தேதியா?"

"என்னய்யா இது, நமக்கு ஏழாந்தேதிதான்."

"அப்ப சரி" என்றார் சார். "இந்தப் பணத்த நீரு தொட வேண்டாம். யாரும் தொட வேண்டாம். போஸ்ட் ஆபீஸ்ல போட்டா மாசா மாசம் வட்டி தருவான். அது உமக்குச் சம்பளம். ஏழாந்தேதி எடுத்துக்கிட்டு நம்ம ஆபீசுக்கு வாரும். அருளு கவர்ல போட்டுத் தருவாரு. இந்த ஏழு மாசத்துக்கு பேங்க்காரன் குடுத்திருக்க வட்டி, அது அரியர், பாக்கிச் சம்பளம். அரியர வச்சு ஆபரேசன் பண்ணும். கவர்மெண்டு பெரியாஸ்பத்திரியில பண்ணா காசில்ல, மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் அது காணும்."

செல்லையா விரல் விட்டு ஏதோ எண்ணினார். "முதல்ல கை வைக்க வேண்டாமா?"

"வேண்டாம்."

அப்போது சொர்ணம் வாசலில் வந்து நின்றார். பஸ்ஸுக்குக் காசு மிச்சம் பிடிக்க நடந்தே வந்திருக்கிறார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோனது. டெல்லியில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்திருப்பார். சார் எழுந்துகொண்டார்.

"செல்லையா, நான் சொல்ல மாட்டேன். நீரே சொல்லும்."

அவர் சொன்னார். மூன்று வாக்கியம்கூட இருக்காது. சொர்ணம் பாஸ்புக்கை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆத்திரப்படவில்லை, அழவில்லை. புருஷனுடைய வயிற்றில் கட்டியிருந்த துண்டைப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, யாரிடமோ முறையிடுவதுபோலச் சொன்னார்.

"வெள்ளாடு ரெண்டையும் வித்துட்டனேய்யா."

டாக்டருக்குக் கொடுக்க விற்றிருக்கிறார். அந்த ஒரு வார்த்தைக்குச் செல்லையா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நாங்கள் வெளியே வந்து வண்டி அருகில் நின்றோம். சார் எதிரே இருந்த வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணாவது கேள்விக்கு அவரு சொன்ன பதில அன்னைக்கே நான் விட்டிருக்கக் கூடாது" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்து வந்த ஏழாம் தேதி, பதினொரு மணிக்கு, குளித்துத் திருநீறு பூசி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு செல்லையா டைம் ஆபீசுக்கு வந்தார். மில்லில் சம்பளமெல்லாம் பேங்குக்கு மாறிப் புதுசு. பழைய பழுப்புக் கவர்கள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய மிச்சம் கிடந்தன. அவர் போஸ்ட் ஆபீசிலிருந்து எடுத்து வந்த வட்டிப் பணத்தை என்னிடம் கொடுத்தார். நான் எண்ணிக் கவரில் போட்டேன். மேலே அவர் பெயர், பழைய டிக்கெட் நம்பர், மாதம் எழுதினேன். அவர் திரும்ப வாங்கி, எண்ணி, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டார். அதை நான் யோசித்திருக்கவில்லை. ஒரு பழைய நோட்டை எடுத்துக் கோடு போட்டுக் கொடுத்தேன்.

பார்க்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனம். தன் பணத்தைத் தானே கொண்டுவந்து கொடுத்து, தானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போகிறார். ஆனால் கவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மில் கேட் பக்கம் போகும்போது அந்த நடையே வேறாக இருக்கும். ஷிப்டு முடிந்து போகிறவரின் நடை. போகிற வழியில் கருவாடு வாங்குவார், வெற்றிலை வாங்குவார். சம்பளக்காரர்.

மூன்று வருடத்துக்கு மேல் வந்தார். ராமராஜு சார் ஓய்வு பெற்று மகளோடு கோயம்புத்தூர் போன பிறகும் வந்தார். பிறகு ஒரு ஏழாம் தேதி வரவில்லை. எனக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை. அந்த மாதம் இருபதாம் தேதி வாக்கில் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"என்ன செல்லையா, சம்பளம் வாங்க வரலையே?"

கூச்சத்தோடு சிரித்தார். "போஸ்ட் ஆபீஸ்ல இருந்து நேரா வீட்டுக்குப் போயிட்டேன்யா. கவரு ஞாபகமே வரல. பாதி செலவான பொறவுதான் நெனச்சேன். அதச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார். நோட்டு அந்தப் பக்கத்தோடு நின்றுவிட்டது.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகப்போகிறது. எனக்கு ஏழு நாள் சொல்லி அனுப்ப யாரும் இல்லை. மாலையைக் கழற்றி வைத்துவிட்டுக் கால் கழுவிக்கொண்டிருந்தபோதே போனில் மெசேஜ் வந்தது, பணம் ஏறிவிட்டது என்று. பணத்தைப் பொறுத்தவரை நான் தடுமாறவில்லை. ஒரு பங்கு போஸ்ட் ஆபீஸில், ஒரு பங்கு என் மனைவி ஜெயராணி பெயரில் பேங்க் டெபாசிட்டில், அவசரத்துக்கு ஒரு சின்னத் தொகை கைக்கெட்டும் இடத்தில். ஓசூரில் இருக்கிற மகன் வீடு வாங்க முன்பணம் கேட்டான். கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்து, இவ்வளவுதான் என்றோம். அவனுக்கு முகம் சுண்டியது, இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டான்.

தடுமாறியது பகல் பொழுதில்தான். காலை ஒன்பது மணிக்குச் சட்டை போட்டுக்கொள்வேன். போட்ட பிறகு எங்கே என்று தெரியாது. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவேன். ஏறியதும் தூக்கம் வந்துவிடும். இன்ஜின் ஓடுகிற சத்தத்தில் மில்லுக்குள் இருப்பதுபோலவே இருக்கும். பாதிக் கனவில் தென்னந்தோப்புகள் போகும், செங்கல் சூளை போகும், மலை மட்டும் கூடவே வரும். இறங்கி, கோபுரத்தைத் தாண்டி, பால்கோவாக் கடைகளில் பால் சுண்டுகிற வாசத்துக்குள் நடந்து, ஒரு டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். கண்டக்டருக்கு முகம் பழகிவிட்டது. "என்ன சார், இன்னைக்கும் சும்மாதானா?" என்பார். சும்மாதான் என்பேன். அந்த மாதங்கள் எத்தனை என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. ஒரே நீளமான மத்தியானம்போலத்தான் ஞாபகம் இருக்கிறது.

ஜெயராணி வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைக்கிறவள். கல்யாணமான வருடத்திலிருந்து தைக்கிறாள். நான் மத்தியானம் படுத்திருந்தால் அவள் மெஷின் ஓடும். அதில் தூங்கிவிடுவேன்.

ஒருநாள் உட்கார்ந்து வீட்டுக்கு மாதம் எவ்வளவு வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதினேன். ஆயிரம் பேருக்கு எழுதிக் கொடுத்தவன், என் வீட்டுக்கு எழுதியதில்லை. அரிசி, பால், கேஸ், கரண்ட், என் பிரஷர் மாத்திரை, சர்ச் காணிக்கை, போன். கூட்டிப் பார்த்தால் வட்டியும் பென்ஷனும் சேர்ந்த வரவுக்குள் கச்சிதமாக அடங்கியது. பெருமையோடு அவளிடம் காட்டினேன். கத்திரிக்கோலைக் கையில் வைத்தபடியே, கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் படித்தாள்.

"மீன் எங்க?"

"அது..."

"சோப்பு, துணிமணி, என் கண்ணாடி, பேத்திக்குப் பொறந்தநாளுக்கு அனுப்புறது, விசேசத்துக்கு மொய்யி. எதையும் காங்கல."

"அதெல்லாம் நீ தையல் காசுல பாத்துக்கிடுவேல்லா" என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடிக்கும்போதே காதில் விழுந்தது, நான் என்ன சொல்கிறேன் என்று.

அவள் கோபப்படவில்லை. துணியில் ஒட்டியிருந்த நூலை ஊதிவிட்டாள். "சரி. அப்ப எனக்கு எப்பங்க ரிட்டயர்மெண்டு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். கேட்டுவிட்டு மெஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு என்னைவிட இரண்டு வயதுதான் குறைவு. மோட்டார் போட்ட மெஷின்தான் என்றாலும் சாயங்காலமானால் காலில் நீர் கோத்துக்கொள்ளும். ஊசியில் நூல் கோர்க்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட ஆரம்பித்திருந்தாள். இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்துக்கொண்டே அந்தச் சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பஸ்ஸில் எனக்குத் தூக்கம் வரவில்லை. போகவும் வரவும் மனதுக்குள் கூட்டிக்கொண்டே இருந்தேன். மீனையும் சோப்பையும் மொய்யையும் சேர்த்தால் வரவு போதவில்லை. டெபாசிட்டை உடைக்கலாம். உடைத்தால் எத்தனை வருடம் வரும் என்று கணக்குப் பார்த்தேன். இரண்டு பேரில் ஒருத்தர் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி டீக்கடைக்குப் போகாமல், மொத்தப் பலசரக்குக் கடை வைத்திருக்கிற, எங்கள் மில் கேண்டீனுக்குச் சரக்கு அனுப்பிய ஒருவரைத் தேடிப் போனேன். கணக்கு எழுத ஆள் இல்லாமல் அவர் கஷ்டப்படுவது தெரியும்.

"வாரத்துக்கு மூணு நாள் வரலாமா?" என்று கேட்டேன்.

"நீங்களா சார்? ரிட்டயர் ஆகி நிம்மதியா இருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"அப்படி இருந்தது போதும்" என்றேன்.

அவர் சொன்ன சம்பளம் பெரிதில்லை. மீனுக்கும் சோப்புக்கும் மொய்க்கும் சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்து, இனி நீ தையலை நிறுத்தலாம் என்று ஜெயராணியிடம் சொன்னபோது, முதலில் வேண்டாம் என்றாள். "உங்களுக்கென்ன தலையெழுத்தா? நான் தச்சுக்கிட்டுதான இருக்கேன்" என்றாள். பிறகு உள்ளே போய்ச் சோற்றை வடித்துவிட்டு வந்து, வேறு யார் விஷயத்தையோ கேட்பதுபோல, "என்னைக்கு வச்சுக்கிடலாம்?" என்றாள்.

கிறிஸ்துமஸ் தையலும் தை மாதக் கல்யாணத் தையலும் முடியட்டும் என்று முடிவாயிற்று. தைக்கப் புதுத் துணி வாங்கிப் போடுவதை நிறுத்தினாள். கடைசி ஜாக்கெட் செட்டியார்பட்டிக் கல்யாணப் பெண்ணுக்கு, மயில் கழுத்து நிறம். கொக்கி வைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, மடித்துப் பையில் போட்டாள். மெஷினுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்து மூடி போட்டாள். செத்த நேரம் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் போகவில்லை.

மறுநாள் எனக்குக் கடை இல்லாத நாள். எட்டு மணியாகியும் அவள் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருடத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை. ஒரு கை தலைக்கு மேல் கிடக்க, சின்னப்பிள்ளைபோலத் தூங்கிக்கொண்டிருந்தாள். அடுப்பைப் பற்றவைத்துப் பால் வைத்தேன். அப்போது வாசலில் கேட் திறக்கிற சத்தம். பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் துணிப்பையோடு நின்றார்.

"சார், அக்கா இல்லையா? ரெண்டே ஜாக்கெட்டு. அவசரம்."

நான் வெளியே போய்க் குரலை இறக்கிச் சொன்னேன். "அவிய ரிட்டயர் ஆயிட்டாவம்மா."

"என்னது?"

"நேத்தோட ரிட்டயர் ஆயிட்டாவ."

"தையல்காரிக்கு என்ன சார் ரிட்டயர்மெண்டு?" என்று சிரித்தார்.

உள்ளேயிருந்து தூக்கக் குரல் வந்தது. "யாருங்க அது?"

"யாருமில்ல. நீ தூங்கு."

அந்த அம்மா சிரிப்பை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கொலுசுச் சத்தம் கேட்காமல் படியிறங்கி, கேட்டை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.